சொந்தத் தொழில் பண்றீங்களா? நிஜமா எவ்ளோ சம்பாதிக்கிறீங்க, எவ்ளோ சொத்து சேந்திருக்குன்னு கணக்கு பாக்குறது எப்படி

சொந்தமா தொழில் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆனவங்ககிட்ட "மாசம் எவ்ளோ வருது"ன்னு கேட்டுப் பாருங்க, சில பேரு சொல்ற நம்பர் விற்பனை, சில பேரு சொல்றது அன்னைக்கு பேங்க்ல கிடக்குற பணம். ரெண்டுமே வருமானம் கிடையாது. சம்பளத்துல இருக்குறவங்களுக்கு மாசக் கடைசில ஒரு ஸ்லிப் வந்துரும், பிடிச்சது போக கைக்கு இவ்ளோன்னு வேற யாரோ கணக்கு போட்டு குடுத்துடுவாங்க. நமக்கு அந்த ஆள் கிடையாது, முதலாளியும் நாமதான் வேலைக்காரரும் நாமதான், அதனால அந்த நம்பரை நாமளே உக்காந்து கண்டுபிடிச்சாதான் உண்டு. கடை வச்சிருக்கவங்க, ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, ட்யூஷன் எடுக்குறவங்க, கிளினிக் வச்சிருக்கவங்க, வண்டி ஓட்டுறவங்க, எல்லாருக்கும் அடிப்படை ஒண்ணுதான். கீழ வர்ற எண்கள்லாம் சும்மா உதாரணத்துக்கு, உங்க ஊர்ல எந்தக் காசோ அதைப் போட்டுக்கோங்க.

முதல்ல அக்கவுண்டைப் பிரிங்க

இது சின்ன வேலை, ஒரு நாள்ல முடிஞ்சிரும், ஆனா இதைப் பண்ணாம அடுத்த எதுவும் நடக்காது. தொழிலுக்கு ஒரு பேங்க் அக்கவுண்ட், வீட்டுக்கு ஒண்ணு. தொழில்ல வர்ற ஒவ்வொரு காசும் முதல்ல தொழில் அக்கவுண்ட்டுக்குத்தான் போகணும், கல்லால இருந்து நேரா வீட்டுச் செலவுக்கு எடுக்குற பழக்கம் இருந்தா அதை நிறுத்திடுங்க, இல்ல நிறுத்த முடியலன்னா எடுக்குறப்பல்லாம் ஒரு நோட்டுலயாவது எழுதி வைங்க.

இது உங்க கணக்குக்கான பிரிவுதான், சட்டத்துக்கு இல்ல. தனி ஆளா நடத்துற தொழில்னா சட்டத்தோட பார்வைல தொழிலும் நீங்களும் ஒண்ணுதான், தொழில் கடன் கழுத்தை நெரிச்சா சொந்த சேமிப்பு வரைக்கும் கை வைக்கலாம். கம்பெனியா பதிவு பண்ணினா கதை வேற, கம்பெனி வேற ஆள் முதலாளி வேற ஆள்னு 1896-லயே இங்கிலாந்துல சாலமன்னு ஒரு தோல் பூட்ஸ் வியாபாரியோட கேஸ்ல மேல் சபை (அப்போ அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி அதுதான்) தீர்ப்பு சொல்லிடுச்சு, அந்த வழில வந்த நாடுகள்ல எல்லாம் இன்னைக்கும் அதுதான் அடிப்படை. ஆனா ஒண்ணு, சின்ன கம்பெனிக்கு கடன் குடுக்குறப்போ பேங்க்ல பெரும்பாலும் முதலாளிகிட்ட தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து கேப்பாங்க, அதைப் போட்டுட்டா அந்தக் கடனைப் பொறுத்த வரைக்கும் அந்தப் பாதுகாப்பு போயிடுச்சுன்னு அர்த்தம். என்ன கையெழுத்து போடுறோம்னு படிச்சுட்டுப் போடுங்க.

விற்பனைல இருந்து வருமானத்துக்கு இறங்கி வர்றது

ஒரு மாசம் விற்பனை 1,00,000-ன்னு வச்சுக்குவோம். சரக்கு வாங்கின செலவு 40,000 போச்சு, மீதி 60,000. வாடகை, கரண்ட், நெட், ஃபோன், போக்குவரத்து எல்லாம் சேத்து 15,000, மீதி 45,000. இங்கதான் நிறைய பேரு நிறுத்திட்டு 45,000 லாபம்னு சொல்லிக்கிறாங்க.

இன்னும் இருக்கு. நீங்க 1,44,000 குடுத்து வாங்கின மெஷின் (லேப்டாப்போ வண்டியோ எதுவோ) 4 வருஷம் ஓடும்னா, மாசம் 3,000-க்கு அது தேயுது. இந்த மாசம் யாருக்கும் அந்தக் காசைக் குடுக்கல, ஆனா 4 வருஷம் கழிச்சு ஒரே நாள்ல குடுக்கணும், அதனால இப்பவே கழிங்க, மீதி 42,000. கடனுக்கு மாசத் தவணை 5,000 கட்டுறீங்க, அதுல வட்டி 2,000 அசல் 3,000-ன்னா, வட்டி மட்டும்தான் செலவு. அசல் கட்டுறது செலவு இல்ல, கடனைக் குறைக்கிறோம், ஆனா காசு கையை விட்டுப் போகும். மீதி 40,000, இதுதான் லாபம்.

அந்த 40,000-ல வரிக்கு 6,000 ஒதுக்கினா 34,000. அப்புறம் வேலைல இருந்திருந்தா முதலாளி உங்களுக்காக கட்டியிருக்கக்கூடிய ஓய்வுக்கால நிதி, இன்சூரன்ஸ், சம்பளத்தோட குடுக்குற லீவு இதுக்கெல்லாம் ஒரு 6,000 வைங்க. மிச்சம் 28,000. லட்ச ரூவா வியாபாரம் பண்ற ஆளோட, சம்பளக்காரரோட ஒப்பிடக்கூடிய வருமானம் இதுதான். கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா "அவன் 35,000 சம்பளம் வாங்குறான் நான் லட்சம் பாக்குறேன்"னு நினைச்சுட்டு செலவு பண்றதை விட இது தெரிஞ்சிருக்கிறது எவ்வளவோ மேல்.

ரெண்டு விஷயம் புதுசா வர்றவங்களை ரொம்பக் குழப்பும். ஒண்ணு, கஸ்டமர் குடுத்த அட்வான்ஸ். அது வருமானம் இல்ல, வேலையை முடிச்சுக் குடுக்குற வரைக்கும் அது நீங்க அவருக்குப் பட்ட கடன். ரெண்டாவது, பில் போட்டாச்சு பணம் வரல. கணக்குப்படி லாபம், கையில ஒண்ணும் இல்ல. அதான் லாபத்துல ஓடுற தொழில் கூட சம்பளம் குடுக்கக் காசில்லாம நிக்குது, அதுவும் தொழில் வேகமா வளருறப்போதான் இது ஜாஸ்தி நடக்கும், ஏன்னா சரக்குக்கு இன்னைக்கே குடுக்கணும், கஸ்டமர் தர்றது ரெண்டு மாசம் கழிச்சு, ஆர்டர் பெருசாக பெருசாக நடுவுல மாட்டிக்கிற பணமும் பெருசாகிட்டே போகும். விற்பனை ஏறுதேன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி பாக்கி எவ்ளோ நிக்குதுன்னு பாருங்க.

உங்க உழைப்புக்கு ஒரு விலை போடுங்க

அந்த 40,000 லாபத்துல உங்க உழைப்புக்கு எவ்ளோ, நீங்க போட்ட முதலுக்கு எவ்ளோ? இதைப் பிரிக்கிறது கஷ்டம்தான், நாட்டோட மொத்த வருமானத்தைக் கணக்கு போடுற ஐநா முறைலயே இந்த மாதிரி வீட்டளவு தொழில்களோட லாபத்தைப் பிரிக்காம 'கலப்பு வருமானம்'னு ஒரே தலைப்புல போட்டுட்டாங்க. ஆனா நம்மளோட தேவைக்கு தோராயமா பிரிச்சுப் பாக்கலாம்.

நீங்க பண்ற வேலைக்கு வேற ஆள் போட்டா மாசம் 30,000 குடுக்கணும்னு வைங்க. தொழில்ல போட்டிருக்க உங்க சொந்தப் பணம் 6,00,000, அதை வேற எங்கயாவது 8 சதவீதத்துக்குப் போட்டிருந்தா வருஷம் 48,000, மாசம் 4,000 வந்திருக்கும். ரெண்டும் சேந்து 34,000. அப்போ ரிஸ்க் எடுத்ததுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது 6,000. இப்போ வீட்டுக்காரம்மாவோ அப்பாவோ தினமும் வந்து கடைல உக்காந்து சம்பளம் வாங்காம உதவி பண்றாங்கன்னா, அதுக்கு ஆள் போட்டா 8,000 ஆகும்னா, முடிஞ்சுது, 2,000 பள்ளத்துல இருக்கீங்க. வீட்டு ஆளுங்க இனாமா உழைக்கிறது உலகம் பூரா இருக்கு, ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) புள்ளிவிவரத்துல இவங்களுக்குன்னே தனி வகை வச்சிருக்காங்க. வெளிய இருந்து பாத்தா லாபமா தெரியற நிறைய சின்னத் தொழில்கள் உண்மைல இவங்க வாங்காத சம்பளத்துலதான் நிக்குது, இதை யாரும் சத்தமா சொல்றதில்ல.

பள்ளம் வந்தா உடனே இழுத்து மூடணும்னு இல்ல. மேல யாரும் இல்லாத சுதந்திரம், நம்ம நேரம் நம்ம கைல, இதுக்கெல்லாம் ஒரு மதிப்பு இருக்கு. பார்ட்டன் ஹாமில்டன்னு ஒரு பொருளாதார நிபுணர் அமெரிக்க ஆண்களோட டேட்டாவை வச்சு 2000-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு, 10 வருஷம் சொந்தத் தொழில்ல இருந்தவங்களோட நடுத்தர வருமானம், அவங்க அதே காலம் வேலைல இருந்திருந்தா வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தை விட 35 சதவீதம் கம்மியா இருந்துச்சாம், ஆனாலும் விட்டுட்டுப் போகல. நடுத்தரம்னு சொல்றது வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிற ஆளு, உச்சில இருக்குற சில பேரு எக்கச்சக்கமா சம்பாதிக்கிறாங்க, நம்ம காதுல விழுற கதைகள் பூரா அவங்களோடதுதான்.

இந்த மாதிரி ஆராய்ச்சிகள்ல ஒரு சிக்கல் உண்டு, சொந்தத் தொழில் பண்றவங்க சொல்ற வருமானத்தை அப்படியே நம்ப முடியாது. பிஸ்ஸாரிடிஸ், வெபர்னு ரெண்டு பேரு 1989-ல பிரிட்டன் குடும்பங்களோட சாப்பாட்டுச் செலவை வச்சுப் பாத்தாங்க, ஒரே வருமானம் காட்டுற சம்பளக்காரரை விட சொந்தத் தொழில்காரர் வீட்டுல சாப்பாட்டுக்கு ஜாஸ்தி செலவாகுது, அதை வச்சு கணக்கு போட்டா நிஜ வருமானம் சொன்னதை விட சுமார் 1.55 மடங்குன்னு வந்துச்சு. சாமர்த்தியம்னு நினைக்காதீங்க. கம்மியா காட்டுறது சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் வீட்டுக் கடனுக்குப் போய் நிக்குறப்போ பேங்க் பாக்குறது பேப்பர்ல இருக்குற வருமானத்தைத்தான், பொதுவா ரெண்டு மூணு வருஷ கணக்கு கேப்பாங்க. இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு இருக்குன்னு கடன் கேக்க முடியாது.

உங்களுக்கு நீங்களே சம்பளம் குடுங்க

சொந்தத் தொழிலோட பெரிய தொல்லை வருமானம் கம்மிங்கறது கூட இல்ல, ஒரே மாதிரி வராது. ஃப்ரீட்மன், குஸ்நெட்ஸ்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1945-லயே டாக்டர், வக்கீல் மாதிரி தனியா தொழில் பண்றவங்க வருமானத்தை ஆராய்ஞ்சாங்க, ஒரு வருஷ வருமானத்துல நிலையா வர்ற பங்கு ஒண்ணு, தற்செயலா ஏறி இறங்குற பங்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பாக்கணும்னு அங்கதான் வந்தாங்க. நாம பண்ண வேண்டியதும் அதான், நிலையா வர்றதை வச்சு வாழ்க்கையை அமைச்சுக்கணும், தற்செயலா வர்றது வீட்டுக்குள்ள நேரா வரக்கூடாது.

எப்படின்னா, போன 12 மாசத்துல வரி ஒதுக்கினது போக மிஞ்சினதை எழுதுங்க. இந்த மாதிரி வந்துச்சுன்னு வைங்க (ஆயிரத்துல): 20, 22, 18, 25, 90, 15, 24, 20, 21, 70, 12, 23. மொத்தம் 360, சராசரி 30. ஆனா பாருங்க, 12 மாசத்துல 10 மாசம் 30-ஐத் தொடவே இல்ல! ரெண்டே மாசம்தான் சராசரியைத் தூக்கி விட்டிருக்கு. சிறுசுல இருந்து பெருசா அடுக்கினா நடுவுல நிக்கிறது 21.5. சராசரியை நம்பி மாசம் 30 செலவாகுற மாதிரி வீட்டை அமைச்சுக்கிட்டா நாலு மாசத்துலயே கடன். அதனால சம்பளம் 20-ன்னு வைங்க, மாசம் ஒரே தேதில தொழில் அக்கவுண்ட்ல இருந்து வீட்டு அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க. கம்மியா வந்த மூணு மாசத்துக்கும் சேத்து பத்தாக்குறை வெறும் 15-தான், நல்ல மாசத்து மிச்சத்துல அதைச் சமாளிச்சிரலாம், வருஷக் கடைசில 120 தனியா நிக்கும். அந்த 120-தான் உங்க சொத்தா மாறப் போற பணம்.

முதல் வருஷம், பழைய கணக்கே இல்லைன்னா? வீடு ஓட குறைஞ்சபட்சம் எவ்ளோ வேணுமோ அதை மட்டும் எடுங்க, ஆறு மாசம் கழிச்சு மாத்திக்கலாம். தொழில் தொடங்குறதுக்கு முன்னாடியே ஆறு மாச வீட்டுச் செலவை ஒதுக்கி வச்சுட்டு இறங்குறது நல்லது.

வரிப் பணத்துக்கு மூணாவதா ஒரு அக்கவுண்ட் வைங்க. நிறைய நாடுகள்ல சம்பளக்காரங்களுக்கு மாசா மாசம் பிடிச்சுருவாங்க, நமக்கு பிடிக்க ஆள் இல்ல, பல இடத்துல வருஷத்துக்குள்ளயே தவணை தவணையா முன்கூட்டியே கட்டச் சொல்வாங்க, விட்டா வட்டி. கஸ்டமர்கிட்ட வசூல் பண்ற விற்பனை வரி உங்க கை வழியா போற அரசாங்கப் பணம், அதை வந்த அன்னைக்கே ஒதுக்குங்க. விகிதமும் தேதியும் ஊருக்கு ஊர் மாறும், அதை மட்டும் உங்க ஊர் ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ரேட் போடுறது, பின்னாடி இருந்து

சேவைத் தொழில்ல இருக்குறவங்களுக்கு இது. வருஷத்துக்கு உங்களுக்கு சம்பளம் 2,40,000, வரி 60,000, தொழில் செலவு 1,00,000, ஓய்வுக்காலம் இருப்புன்னு 80,000, மொத்தம் 4,80,000 வேணும்னு வைங்க. பழைய ஆபீஸ் பழக்கத்துல வாரம் 40 மணி நேரம், 52 வாரம், 2,080 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 231 வரும். அந்த ரேட்டைச் சொன்னீங்கன்னா தொலைஞ்சீங்க. லீவு, உடம்பு சரியில்லாத நாள், வேலையே வராத வாரம்னு ஒரு 6 வாரம் போயிரும். மீதி 46 வாரத்துலயும் பில் போடக்கூடிய நேரம் வாரம் 20 மணி நேரம் கிடைச்சாலே பெரிய விஷயம், மிச்சம்லாம் கொட்டேஷன், ஃபாலோ அப், கணக்கு, காசு கேட்டு ஃபோன்னு கரைஞ்சிரும். 920 மணி நேரம்தான், மணிக்கு 522. ரெண்டு மடங்குக்கு மேல! புதுசா வர்றவங்க ரேட் கம்மியா சொல்றதுக்கு கூச்சம் ஒரு காரணம்னா இந்தத் தப்பு வகுத்தல் இன்னொரு காரணம்.

சொத்துக் கணக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை

வருமானம் வேற சொத்து வேற. ஒரு தாளை எடுத்து நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் இருக்குறது, இன்னொரு பக்கம் குடுக்க வேண்டியது. எழுதுறது சுலபம், விலை போடுறதுலதான் நாம நம்மளையே ஏமாத்திப்போம்.

வர வேண்டிய பாக்கியை முழுசா எழுதாதீங்க. ஒரு மாசப் பாக்கின்னா சரி, மூணு மாசம் தாண்டினதுல பாதி போடுங்க, ஒரு வருஷம் தாண்டினதுக்கு சைபர், வந்தா சந்தோஷம். (இந்த விகிதம் என் பழக்கம், உங்க கஸ்டமர்களைப் பொறுத்து மாத்திக்கோங்க.) சரக்குக்கு வாங்கின விலை போடாதீங்க, அவசரமா இன்னைக்கு வித்தா எவ்ளோ கிடைக்கும்? மெஷினுக்கு செகண்ட் ஹேண்ட் விலை. கடைக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்ப வர்றதா இருந்தா போடலாம். கடன் பக்கத்துல சப்ளையர் பாக்கி, கட்டாத வரி, கஸ்டமர் அட்வான்ஸ், பேங்க் கடன் எல்லாம் வரணும், சொந்தக்காரங்ககிட்ட கைமாத்தா வாங்கினதும் வரணும், அதைத்தான் எல்லாரும் மறந்துடுறது.

அப்புறம் இந்த குட்வில். "என் தொழிலோட பேருக்கே பத்து லட்சம்"னு ஒரு வரி எழுதத் தோணும். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, நீங்க மூணு மாசம் வராம இருந்தா தொழில் ஓடுமா? ஓடாதுன்னா குட்வில் சைபர். கஸ்டமர் உங்க முகத்துக்காக வர்றாங்கன்னா அந்த மதிப்பு உங்ககூடவேதான் இருக்கு, நாளைக்குத் தொழிலை விலைக்கு வாங்குறவர் கைக்கு அது போய்ச் சேராது. அதே மாதிரி பாதி வருமானம் ஒரே கஸ்டமர்கிட்ட இருந்து வருதுன்னா வாங்க வர்றவர் அதைத்தான் முதல்ல கேப்பாரு.

இந்தக் கணக்கைப் போட்டா பெரும்பாலும் சம்பளக்கார நண்பரை விட நமக்கு சொத்து ஜாஸ்தியா தெரியும். உடனே நெஞ்சை நிமித்த வேண்டாம். அதுல பெரும்பகுதி சரக்கும் பாக்கியும் மெஷினும், அது இல்லாம நாளைக்குத் தொழில் நடக்காது, அதாவது எடுத்துச் செலவு பண்ண முடியாத சொத்து. அந்தப் பக்கம் நண்பருக்கு பென்ஷன் இருந்தா அதோட மதிப்பு அவரோட தாள்ல எழுதாம விட்டிருப்பாங்க. அதனால நான் எப்பவும் ரெண்டு மொத்தம் போடச் சொல்வேன், தொழிலுக்குள்ள இருக்குற சொத்து எவ்ளோ, தொழிலுக்கு வெளிய எவ்ளோ. கவலைப்பட வேண்டியதும் பெருக்க வேண்டியதும் ரெண்டாவது நம்பரை.

ஏன்னா தொழில் படுத்தா வருமானமும் போகும், அதே நாள்ல உள்ள இருக்குற சொத்தோட விலையும் போகும், ரெண்டும் ஒண்ணாத்தான் போகும். மோஸ்கோவிட்ஸ், விஸ்ஸிங் ஜோர்கென்சன்னு ரெண்டு பேரு 2002-ல அமெரிக்காவுல பாத்தாங்க, சொந்தக் கம்பெனி வச்சிருக்க குடும்பங்கள் தனியார் தொழில்கள்ல போட்டிருக்க முதல்ல சராசரியா 70 சதவீதத்துக்கு மேல தாங்களே நடத்துற ஒரே கம்பெனிலதான் வச்சிருக்காங்க. அவ்ளோ ரிஸ்க்குக்கும் கிடைச்ச பலன், மொத்தமா எடுத்துப் பாத்தா, பங்குச் சந்தைல பரவலா போட்டிருந்தா கிடைச்சிருக்கிறதை விட ஜாஸ்தி இல்ல. "வெளிய 8 சதவீதம்தான், என் தொழில்ல போட்டா 30 சதவீதம்"னு சொல்றவங்க உழைப்புக்கு சம்பளம் கழிச்சுட்டுச் சொல்றாங்களான்னு கேளுங்க.

வெளிய எடுக்குற வரிசை

சம்பளம் எடுத்தது போக வருஷக் கடைசில நின்ன அந்த 120 (ஆயிரம்) இருக்குல்ல, அதை எங்க போடுறதுன்னா, முதல்ல தொழிலுக்கு மூணு மாச நிலையான செலவு, வாடகை சம்பளம் தவணை இதெல்லாம், உடனே எடுக்கக்கூடிய இடத்துல. அடுத்து வீட்டுக்கு ஆறு மாசச் செலவு, இது தனி அக்கவுண்ட்ல, தொழில் எவ்ளோ அழுதாலும் இதைத் தொடக்கூடாது. அப்புறம் இன்சூரன்ஸ், உயிருக்கும் மருத்துவத்துக்கும் எடுக்குறவங்க கூட, அடிபட்டோ நோய்ல விழுந்தோ வேலை செய்ய முடியாமப் போனா வருமானத்துக்கு ஈடு குடுக்குற பாலிசியைப் பத்தி யோசிக்கிறதில்ல, நம்மள மாதிரி கை ஓடினாதான் காசுங்கிற ஆளுங்களுக்கு அதுதான் ரொம்ப முக்கியம். அதிக வட்டிக் கடன் இருந்தா இன்சூரன்ஸ் முடிஞ்சதும் அதை அடைங்க, 24 சதவீத வட்டிக் கடனை அடைக்கிறதுக்கு ஈடான முதலீடு எங்கயும் கிடைக்காது.

இவ்ளோவும் முடிஞ்ச பிறகு ஓய்வுக்காலத்துக்கு, தொழிலுக்கு சம்பந்தமே இல்லாத முதலீடு. கட்டட கான்ட்ராக்டரா இருக்கீங்கன்னா மிச்சப் பணத்தையும் கொண்டுபோய் மனைல போடாதீங்க, கட்டடத் தொழில் படுக்குறப்போ மனை விலையும் சேந்துதான் படுக்கும். 72-ஐ வட்டி விகிதத்தால வகுத்தா பணம் எத்தனை வருஷத்துல ரெட்டிப்பாகும்னு தோராயமா தெரியும், 8 சதவீதம்னா 9 வருஷம், 6 சதவீதம்னா 12. அதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும், விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா 12 வருஷத்துல கல்லால சும்மா கிடக்குற பணத்தோட மதிப்பு ஏறக்குறைய பாதி.

தொழிலை விரிவு பண்றது இந்த வரிசைல கடைசி. நிறைய பேரு இதை ஒத்துக்க மாட்டாங்க, ஆரம்பத்துல எல்லாத்தையும் உள்ள போட்டாதான் வளரும்னு சொல்வாங்க, சில தொழில்ல அது நிஜமும் கூட. அப்படிப் போடுறதா இருந்தா எவ்ளோ வரைக்கும், எந்தத் தேதி வரைக்கும்னு முன்னாடியே எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க, அந்தத் தேதி வந்ததும் அவங்க அந்தத் தாளை எடுத்துக் காட்டட்டும்.

சொத்துத் தாளை வருஷா வருஷம் ஒரே தேதில போடுங்க, வரிக் கணக்கு முடிக்கிற சமயம் வசதி, எல்லா பேப்பரும் அப்போ கைலயே இருக்கும். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீங்க. மூணு தாள் சேந்ததும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வெளிய இருக்குற சொத்து ஏறியிருக்கா இல்லையான்னு பாருங்க, ஏறலைன்னா ரேட்டையும் பாக்கி வசூலையும் முதல்ல கவனிங்க, வீட்டுச் செலவுக்கு அதுக்கப்புறம் வாங்க.